புரிஞ்சுதுங் டீச்சர்

சின்னாண்டிவலசு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பாடம் எப்போது முடியும் என்பதை மணி தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பிள்ளைகளின் நெற்றி தீர்மானிக்கிறது.

அரசு வைத்த பெயர் தெளிவுப் பட்டை. பிள்ளைகள் வைத்த பெயர் மின்மினி. துணிப் பட்டை, நடுவில் கடுகளவு விளக்கு. தலையில் மாட்டிக்கொண்டால் உள்ளே மூளையில் ஓடுவதைப் பட்டை மோப்பம் பிடிக்கும். பாடம் புரிந்த நொடியில் விளக்கு பச்சையாக எரியும். வகுப்பில் எல்லா நெற்றியிலும் பச்சை எரிந்தால்தான் சுவரில் உள்ள திரை 'பாடம் நிறைவு' என்று காட்டும். அதுவரை இன்டர்வெல் கிடையாது, விளையாட்டு கிடையாது, அடுத்த பாடமும் கிடையாது. ஒரு பிள்ளைகூடப் பின்தங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். திட்டம் போட்டவர்கள் நல்லவர்கள். நல்லவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

தலைமை ஆசிரியை கோகிலவாணி டீச்சருக்கு யாரோடும் மல்லுக்கட்டும் உத்தேசம் இல்லை. ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. வம்பு தும்பு இல்லாமல் கழுத்தில் மாலையோடு வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேண்டுதல். அந்த வேண்டுதலுக்குக் குறுக்கே நாலாம் வகுப்பின் இரண்டாவது வரிசையில் ஒரு நெற்றி இருட்டாக உட்கார்ந்திருந்தது. அது கனிஷ்காவின் நெற்றி.

அன்றைக்கு நீர்ச் சுழற்சி பாடம்.

"கடல் தண்ணி வெயில்ல ஆவியாகி மேல போகுது. மேகமாகுது. குளுந்ததும் மழையாப் பெய்யுது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங் டீச்ச்ச்சர்!"

இதற்கென்று ஒரு ராகம் உண்டு. 'புரி'யில் இறங்கும், 'துங்'கில் ஒரு நொடி நிற்கும், 'டீச்ச'ரில் இழுத்துக்கொண்டு மேலே ஏறும். நம்மூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதப் பழகுவதற்கு முன்பே இந்த ராகத்தைப் பழகிவிடும். ராகம் முடிவதற்குள் நெற்றிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்றைத் தவிர.

"ஏனுங் டீச்சர்," என்று எழுந்தாள் கனிஷ்கா. "கடல் தண்ணி உப்புத்தானுங்களே? மழை ஏனுங்க உப்புக் கரிக்க மாட்டேங்குது?"

"உப்பு கீழயே நின்னுக்கும் அம்மிணி. தண்ணி மட்டுந்தான் மேல போவும்."

"செரிங். அப்ப நம்ம ஓடையில செவப்பா சாயத் தண்ணி வருதே, அந்தச் சாயமும் கீழயே நின்னுக்குமுங்களா? நின்னுக்கிட்டே இருந்தா அது எங்கீங்க போவும்?"

அது எங்கே போகும் என்று டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடக் கிணற்றுக்குத்தான் போகும். ஆனால் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தவரே அந்தச் சாயப்பட்டறைக்காரர்தான். டீச்சர் வந்த பதிலை மென்று விழுங்கினார்.

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும். உக்காரு."

கனிஷ்கா உட்கார்ந்தாள். விளக்கு எரியவில்லை. திரை அசையவில்லை. வெளியே சிவக்கொழுந்து சாரின் இரண்டாம் வகுப்பு ஏற்கெனவே ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவர் வகுப்பில் பாடம் ஆரம்பித்த சூட்டோடு எல்லாம் பச்சையாகிவிடும். "புரிஞ்சவங்கெல்லாம் வெளையாடப் போலாம்" என்பார், அவ்வளவுதான். வட்டாரத்திலேயே சிறந்த ஆசிரியர் என்று அவருக்குப் பெயர்.

"எரிய உடு புள்ள!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. "எனக்கு ஒண்ணுக்கு முட்டுது!"

தினமும் இதே கூத்து. சாப்பாட்டு வேளையும் வீட்டுக்குப் போகும் வேளையும் வந்தால்தான் விடுதலை; பாடம் திரையில் பாக்கியாக நிற்கும். ஒரு பெண்ணால் ஒரு வகுப்பே சிறைப்பட்டுக் கிடந்தது. கூட விளையாட யாரும் அவளைச் சேர்ப்பதில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விழுந்தது. பெற்றோர்களின் செல்போன் குழுவில் ஒரு தாய் நீளமாகப் பேசி அனுப்பினாள்: "எல்லாத்துக்கும் புரியறது அந்தப் புள்ளைக்கு மட்டும் புரியலீன்னா அதுக்கு நாங்க என்னங்க டீச்சர் பாவம் பண்ணோம்?" கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் ஞானசுந்தரம் போன் செய்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் குரல் எவ்வளவு குழைகிறதோ அவ்வளவுக்குச் சேதி மோசமாக இருக்கும் என்பது டீச்சருக்கு அனுபவம்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? உங்க ஸ்கூல் ஒண்ணாலதான் நம்ம வட்டாரமே பட்டியல்ல சிவப்புல நிக்குது, தெரியுமில்ல? அந்தப் பொண்ண அரைப்பரீட்சை லீவுக்குள்ள எரிய வைங்க. இல்லீன்னா டவுன்ல தனிக்கவன விடுதி இருக்குது, அங்க அனுப்பிரலாம். அவளுக்கும் நல்லதுதானே?"

"சார், அது சின்னப் புள்ளை. அம்மாவ விட்டு..."

"விதி டீச்சர். நானா போட்டேன்?"

அந்த விடுதியை டீச்சர் பார்த்திருக்கிறார். போன பிள்ளை ஒன்றும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

சேதி கேள்விப்பட்டு மறுநாள் கனிஷ்காவின் அம்மா பேபி வந்தாள். விசைத்தறிக் கூடத்திலிருந்து ஷிப்ட் முடித்த கையோடு ஓடி வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. நாற்காலியைக் காட்டினாலும் உட்காரவில்லை.

"ஏனுங் டீச்சர், என்ற புள்ள மக்குங்களா?"

"இல்ல பேபி. மக்கா இருந்தா இந்நேரம் எரிஞ்சிருக்கும்."

இது தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று டீச்சருக்கே விளங்கவில்லை. பேபிக்கும் விளங்கவில்லை. "நீங்க பாத்துப் பண்ணுங்க டீச்சர். அவொ இல்லாம ஊட்ல என்னால இருக்க முடியாதுங்க. அவளுக்கும் என்னையத் தவுத்து ஆருமில்லீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பட்டையில்தான் கோளாறாக இருக்க வேண்டும் என்று டீச்சர் புகார் செய்தார். பட்டை செய்கிற கம்பெனியிலிருந்து அபிநந்தன் என்ற இளைஞன் வந்தான். கனிஷ்காவின் பட்டையைக் கழற்றி, மடிக்கணினியில் மாட்டி, உதட்டைப் பிதுக்கினான்.

"பட்டை பக்காவா இருக்கு மேடம். பொண்ணுக்குத்தான் புரியல."

"அது எப்படித் தம்பி இந்தப் பட்டைக்குத் தெரியுது? புரிஞ்சுது, புரியலன்னு?"

நல்ல பையன். கேட்டதும் உற்சாகமாகிவிட்டான். "நாங்கதான் மேடம் சொல்லிக் குடுத்தோம். மெஷினுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது. முதல்ல ஊர் ஊராப் போய் கிளாஸ்ல உக்காந்தோம். பசங்க மூளையில என்ன ஓடுதுன்னு பதிவு பண்ணோம். புரிஞ்ச நொடியில மூளை எப்படி இருக்கும்னு லட்சக்கணக்கான தடவை காட்டினா, அப்புறம் மெஷின் தானே அடையாளம் கண்டுபிடிச்சிடும்."

"சரி. அந்தப் புரிஞ்ச நொடி எதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"பசங்களேதான் மேடம்! பாடம் முடிஞ்சதும் டீச்சரை விட்டு 'புரிஞ்சுதா'ன்னு கேக்கச் சொன்னோம். 'புரிஞ்சுது டீச்சர்'னு கிளாஸே சொல்லுச்சு. சொன்ன நொடியைக் குறிச்சுக்கிட்டோம்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"தம்பி, நீங்க எங்க படிச்சீங்க?"

"கான்வென்ட் மேடம். அப்புறம் வெளிநாடு."

"கான்வென்ட்ல மிஸ் 'அண்டர்ஸ்டுட்?'னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"யெஸ்ஸ் மிஸ்ஸ்ஸ்னு..." ராகத்தோடு ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"புரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"மேடம், அது வேற..."

"அந்தப் பட்டைய உங்க தலையில மாட்டுங்க, பாக்கலாம்."

மாட்டினான். எதற்கு என்று கேட்பதற்குள் அவன் போன் அடித்தது. கம்பெனி மேலாளர். அந்தப் பக்கம் அவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். இவன் நடுநடுவே தலையாட்டினான். கடைசியில், "ஓகே சார். அண்டர்ஸ்டுட் சார். கண்டிப்பா சார்," என்றான். நெற்றியில் பச்சை பளிச்சென்று எரிந்தது.

"என்ன சொன்னாரு?"

"தெரியல மேடம்," என்றான் அபிநந்தன். "ஏதோ டார்கெட்."

மேசை மேலிருந்த எவர்சில்வர் தம்ளரில் தன் நெற்றி பச்சையாக மின்னுவதை அவனே பார்த்தான். பையனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்பாடா, ஆளை விட்டாப் போதும்னு ஒரு நிம்மதி வருதில்ல," என்றார் டீச்சர். "அதைத்தான் உங்க மெஷின் மோப்பம் பிடிக்குது. அந்தப் புள்ளைக்கு அந்த நிம்மதி வர மாட்டேங்குது. இன்னும் யோசிச்சுட்டே இருக்கா. அதான் எரியல. போய் உங்க மேலதிகாரிங்ககிட்ட சொல்லுங்க."

"எல்லா ஸ்கூல்லயும் மாட்டியாச்சு மேடம். ரிசல்ட் பிரமாதமா வந்திருக்கு. மாநிலம் பூரா பச்சை. இப்பப் போய் நான் சொன்னா..." பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். "எனக்கு வீட்டுக்கடன் இருக்கு மேடம்."

டீச்சர் ஞானசுந்தரத்திடமே நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். அவர் முழுக்கக் கேட்டார். அவர் நெற்றியில் மட்டும் பட்டை இருந்திருந்தால் மூன்று முறை எரிந்திருக்கும். "அருமையான கருத்து டீச்சர், கமிட்டியில வைக்கலாம்," என்றார். "லீவுக்கு முன்னாடி அந்தப் பொண்ண மட்டும் அனுப்பி வெச்சிருங்க."

ஆக, இயந்திரத்தை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதற்கு இரட்டைச் சடையும் பல் விழுந்த வாயும் இருந்தன.

அன்று சாயங்காலமே டீச்சர் கனிஷ்காவைத் தனியாக உட்கார வைத்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் எத்தனையோ பாடம் நடத்தியவர். இப்படியொரு பாடம் நடத்துவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"இங்க பாரு அம்மிணி. நான் சொல்லி முடிச்சதும் உள்ளுக்குள்ள 'செரி, உடு'ன்னு நீயே சொல்லிக்கோணும்."

"கேள்வி வந்துச்சுன்னாங்?"

"வந்தா வாசல்லயே நிக்க வெச்சுரு. உள்ள உடாத."

"எத்தன நேரமுங்க நிக்க வெக்கோணும்?"

"லைட்டு எரியற வரைக்கும். எரிஞ்சதுக்கப்புறம் நீ கூப்புட்டுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கனிஷ்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முயன்றாள். எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. "'உடு'ன்னு சொல்லறப்பவே எதைய உடறோம்னு நெனப்பு வந்துருதுங்க டீச்சர்," என்று அழுதாள். டீச்சர் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. விடுதி பற்றிச் சொன்னார். அம்மாவை வாரம் ஒருமுறைகூடப் பார்க்க முடியாது என்று சொன்னார். குழந்தையைப் பயமுறுத்துகிறோமே என்று கூசிக்கொண்டே சொன்னார்.

லீவுக்குச் சில நாள் இருக்கும்போது, வகுத்தல் கணக்கு நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டபோது, ராகத்தில் ஒரு குரல் புதிதாகச் சேர்ந்தது. இரண்டாவது வரிசையில் பச்சை லேசாகத் துடித்தது, மங்கியது, பிறகு நின்று எரிந்தது.

வகுப்பே கத்தியது. பின்வரிசைக்காரன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான். பெண் பிள்ளைகள் கனிஷ்காவைக் கட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அன்று சாயங்காலம் பேபி தேங்காய் பன் வாங்கிவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுங்க சாமி, என்ற புள்ளைக்குப் புத்தி குடுத்தீங்க," என்று அழுதாள். டீச்சர் அந்த பன்னை வாயில் வைத்தார். இறங்கவில்லை. டீ ஊற்றி இறக்கினார்.

அப்புறம் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. கனிஷ்கா எல்லாரோடும் விளையாடினாள், சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு செய்தாள், கொஞ்சம் சதையும் போட்டாள். பாடங்கள் சடசடவென்று முடிந்தன. பள்ளி வட்டாரத்தில் முதலிடத்துக்கு ஏறிவிட்டது.

ஒருநாள் மதியம் கை கழுவும் இடத்தில் டீச்சர் அவளைத் தடுத்து நிறுத்தினார்.

"ஏன் அம்மிணி, இப்பெல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல?"

"ஒண்ணுமில்லீங் டீச்சர்."

"வாசல்ல நிக்க வெச்சியே, அதெல்லாம்? உள்ள கூப்புட்டுக்கலாம்னு சொன்னனே?"

"போயிக் கூப்புட்டனுங்க," என்றாள் கனிஷ்கா. "ஒண்ணையுங் காணமுங்க."

சொல்லிவிட்டு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டாள். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டீச்சர்தான் குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் லேசான சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரால் தாங்க முடியவில்லை. மறுநாள் கரும்பலகையில், எட்டும் ஏழும் பதினாலு என்று வேண்டுமென்றே எழுதினார். "புரிஞ்சுதா?" என்றார். எங்காவது ஒரு நெற்றி இருட்டாக இருக்காதா என்று ஏக்கத்தோடு தேடினார். எல்லாம் பச்சை. முதலில் எரிந்தது கனிஷ்காவுடையது. டீச்சர் அவசரமாக அழித்துவிட்டுச் சரியாக எழுதினார். அதற்கும் பச்சை எரிந்தது.

பாவம் செய்துவிட்டோம் என்று அவருக்கு ஐயம் திரிபறத் தெரிந்தது. ஆனால் என்ன செய்திருக்க முடியும்? இந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. ஒன்று வந்து நின்றதும் அதன் பின்னாலேயே மற்றவையும் வரிசைகட்டின. சாயம் எங்கே போகிறது? சுற்றுச்சுவர் வந்ததற்கும் கிணறு சிவந்ததற்கும் எத்தனை நாள் வித்தியாசம்? அந்த விடுதிக்குப் போன பிள்ளைகள் எங்கே? இத்தனை வயதுக்கு மேல் இது என்ன கிரகச்சாரம் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் பயனில்லை.

மூன்றாம் பருவத்தில் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். சாமியானா, ஒலிபெருக்கி, வாசலில் வாழைமரம். பெற்றோர்கள் வந்திருந்தார்கள். சாயப்பட்டறைக்காரர் முன்வரிசையில். ஞானசுந்தரத்துக்குப் பூங்கொத்து கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் கனிஷ்கா. 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று அவளைப் பற்றித் தனியாக ஒரு பதாகையே அடித்திருந்தார்கள். பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு அவள் மேடையிலேயே, டீச்சரின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டாள்.

ஞானசுந்தரம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இன்னைக்கு ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. பிள்ளைங்களுக்குப் புரிஞ்சாப் போதுமா? ஆசிரியர்களுக்கும் புரியணுமில்ல? இன்னையிலிருந்து ஆசிரியர்களுக்கும் பட்டை!"

கைதட்டல். சிவக்கொழுந்து சாரின் தலையிலும் கோகிலவாணி டீச்சரின் தலையிலும் அவரே தன் கையால் மாட்டிவிட்டார். விளக்கு எரியாத ஆசிரியர்களுக்கு டவுனில் தங்கிப் படிக்கும் பயிற்சி உண்டு என்பதையும் குழைவாகச் சொன்னார். பிறகு திட்டத்தின் அடுத்த கட்டத்தை விளக்கினார்.

"அதாவது, கற்றல் விளைவுகளின் ஒருங்கிணைந்த பன்முகத் தன்மையை அடித்தளமாக் கொண்டு, அளவீடு சார்ந்த தெளிவின் மூலமா, தெளிவு சார்ந்த அளவீட்டை நோக்கி நாம நகர்றோம். புரிஞ்சுதுங்களா?"

சாமியானாவே தலையாட்டியது. சிவக்கொழுந்து சாரின் நெற்றி 'புரி' என்பதற்குள் பச்சையாகிவிட்டது.

கோகிலவாணி டீச்சர் ஆனமட்டும் முயன்றார். செரி, உடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். எதை விடுவது? தெளிவின் மூலம் அளவீட்டுக்கா, அளவீட்டின் மூலம் தெளிவுக்கா? இரண்டும் ஒன்றுதானே? ஒன்று என்றால் நகர்வது யார்?

"டீச்சருக்கு மட்டும் எரியலியே," என்றார் ஞானசுந்தரம் ஒலிபெருக்கியிலேயே, தேன் வழியும் குரலில். "பரவாயில்ல, இன்னொரு தடவை சொல்றேன்."

சொன்னார். எரியவில்லை. பெற்றோர்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சாப்பாட்டுப் பந்தி காத்துக்கொண்டிருந்தது. "என்னங்க டீச்சர், சீக்கிரம் எரிய உடுங்க!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

புடவைத் தலைப்பை யாரோ மெல்ல இழுத்தார்கள். கனிஷ்கா. எல்லாருக்கும் முன்னால் டீச்சர் இப்படித் தவிப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. காதருகே வாயைக் கொண்டுபோய், யாருக்கும் கேட்காதபடி, அன்போடு சொன்னாள்:

"புரிஞ்சுதுன்னு சொல்லிப்போடுங்க டீச்சர். மொதல்லதான் வலிக்குமுங்க. அப்பறம் கேக்கோணும்னே தோணாதுங்க."